அமெரிக்க வாக்குச்சீட்டை மேலிருந்து கீழ்வரை படிப்பது எப்படி? தேர்தல், கட்சி, ஆட்சிமுறை: முழுமையான வழிகாட்டி

2023 நவம்பரில், வர்ஜீனியாவில், என் முதல் அமெரிக்க ஓட்டைப் போட்டேன். குடியுரிமைத் தேர்வுக்காக நூறு கேள்விகளையும் படித்து முடித்திருந்தேன். பிரதிநிதிகள் சபையில் 435 பேர், செனட்டில் 100 பேர், உச்ச நீதிமன்றத்தில் 9 பேர் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் கையில் வாங்கிய வாக்குச்சீட்டில் அதிபர் பதவியே இல்லை. மாநில செனட், மாநிலப் பிரதிநிதி, கவுண்டி (நம் ஊர் மாவட்டம் போன்றது) வாரியத் தலைவர், ஷெரிஃப், அரசு வழக்கறிஞர், பொருளாளர், பள்ளி வாரிய உறுப்பினர் என்று பட்டியல் இறங்கிக்கொண்டே போனது. கடைசியில் மண், நீர்ப் பாதுகாப்பு மாவட்ட இயக்குநர் என்று ஒரு பதவி. அதற்கு நின்றவர்களில் ஒருவர் பெயரைக்கூட நான் கேள்விப்பட்டதில்லை. பேனாவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அந்த வரியைக் காலியாக விட்டு வந்தேன். அது இன்னும் மனதை உறுத்துகிறது.

அதற்கப்புறம் தேடித் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: அமெரிக்காவில் அதிகாரம் ஒரே இடத்தில் இல்லை. வேண்டுமென்றே பல இடங்களில் பிரித்து வைத்திருக்கிறார்கள். அந்தச் சீட்டில் கீழே போகப் போகத்தான் உங்கள் வீட்டுக்கு அருகில் வருகிறீர்கள், உங்கள் ஒரு ஓட்டுக்கும் கனம் கூடுகிறது.

முதல் படி: பழகிய சொற்களைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்

நம் ஊர் அரசியலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இங்கே வரும் குழப்பத்தில் பாதி, ஒரே சொல்லுக்கு இரண்டு நாட்டிலும் வேறு வேறு பொருள் இருப்பதால் வருகிறது. ஆளுநர் என்றால் டெல்லி நியமித்து அனுப்புபவர் என்று நமக்குப் பதிந்துவிட்டது. இங்கே ஆளுநரை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். வேலையைப் பார்த்தால் நம் முதலமைச்சருக்குச் சமமானவர். காங்கிரஸ் என்பது கட்சி கிடையாது, நாடாளுமன்றத்தின் பெயர்; பிரதிநிதிகள் சபையும் செனட்டும் அதன் இரண்டு அவைகள். ‘செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்’ என்பவர் வாஷிங்டனில் வெளியுறவு அமைச்சர். அதே பட்டத்தோடு பல மாநிலங்களில் இருப்பவர் தேர்தலை நடத்தும் அதிகாரி.

இதைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. இந்தியாவில் மக்களவையில் பெரும்பான்மை பெற்றவர் பிரதமர் ஆகிறார், பெரும்பான்மை போனால் ஆட்சியும் போகிறது. இங்கே அதிபர் நாடாளுமன்றத்தில் உறுப்பினரே கிடையாது. எதிர்க்கட்சி இரண்டு அவைகளையும் பிடித்தாலும் அவர் நான்கு ஆண்டு இருப்பார். நம்பிக்கையில்லாத் தீர்மானம் என்ற ஒன்றே இல்லை. அமைச்சர்களும் அப்படித்தான். நாடாளுமன்ற உறுப்பினராக இருந்துகொண்டே அமைச்சராக முடியாது என்பது அரசியல் சாசனத்தின் விதி. 2025 ஜனவரியில் வெளியுறவு அமைச்சரான மார்கோ ரூபியோ அதற்காக செனட் பதவியை விட்டு விலகினார்.

இன்னொன்று, நம் தேர்தல் ஆணையம் போல நாடு முழுவதும் தேர்தலை நடத்தும் ஒரே அமைப்பு இங்கே இல்லை. கூட்டாட்சித் தேர்தல் ஆணையம் என்று வாஷிங்டனில் ஒன்று இருக்கிறது, ஆனால் அது பார்ப்பது பிரசாரப் பணத்தை. ஓட்டுப்பதிவை நடத்துவது 50 மாநிலங்கள், அவற்றுக்குள் 3,000க்கும் மேற்பட்ட கவுண்டிகள். அதனால் பக்கத்து மாநிலத்து நண்பர் சொல்லும் விதி உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். எந்தச் சந்தேகம் வந்தாலும் உங்கள் கவுண்டி தேர்தல் அலுவலகத்தின் தளத்தைப் பார்ப்பதுதான் சரி.

இரண்டாம் படி: மூன்று கிளைகளை ஒரு சட்டத்தின் கதையில் பாருங்கள்

சட்டம் இயற்றுவது நாடாளுமன்றம், செயல்படுத்துவது அதிபர், விளக்கம் சொல்வது நீதிமன்றம். 1787இல் ஃபிலடெல்ஃபியாவில் எழுதிய சாசனத்தின் முதல் மூன்று பிரிவுகளும் இதே வரிசையில்தான் இருக்கின்றன. இதை மனப்பாடம் செய்வதைவிட, ‘ஒபாமாகேர்’ என்று எல்லோரும் சொல்லும் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்துக்கு என்ன நடந்தது என்று பார்த்தால் நன்றாகப் பிடிபடும்.

2010 மார்ச்சில் ஜனநாயகக் கட்சி அதிபர் ஒபாமா அதில் கையெழுத்துப் போட்டார். ஒரு குடியரசுக் கட்சி உறுப்பினர்கூட அதை ஆதரிக்கவில்லை. செனட்டில் ஒரு மசோதாவை வாக்கெடுப்புக்குக் கொண்டுவரவே பெரும்பாலும் 60 பேர் சம்மதிக்க வேண்டும். ‘ஃபிலிபஸ்டர்’ என்று சொல்லும் இந்தத் தடை சாசனத்தில் இல்லை, செனட் தானே வகுத்துக்கொண்ட வழக்கம். 2009 டிசம்பரில் செனட் அதை நிறைவேற்றியபோது ஜனநாயகக் கட்சி அணியில் சரியாக 60 பேர் இருந்தார்கள்.

வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2012 ஜூனில் 5க்கு 4 என்ற கணக்கில் சட்டத்தின் மையப் பகுதி தப்பியது. தப்ப வைத்த ஐந்தாவது வாக்கு தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் உடையது. அவரை நியமித்தவர் குடியரசுக் கட்சி அதிபர் ஜார்ஜ் புஷ். நீதிபதிகளை அதிபர் பெயர் சொல்லி, செனட் ஒப்புதல் தருகிறது. ஆனால் பதவி வாழ்நாள் முழுக்க. அதனால் நியமித்தவரின் விருப்பப்படிதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் நீதிபதிக்கு இல்லை. நாடாளுமன்றம் போட்ட சட்டத்தைச் சாசனத்துக்கு முரணானது என்று நீதிமன்றம் தள்ளிவிடும் அதிகாரமும் 1803இல் மார்பரி வழக்கின் தீர்ப்பில் நீதிமன்றமே நிலைநாட்டிக்கொண்டது.

அப்புறம் இரண்டு அவைகளும் குடியரசுக் கட்சியின் கைக்கு வந்தன. சட்டத்தின் முக்கியப் பகுதிகளை நீக்கும் மசோதாவை நிறைவேற்றி அனுப்பினார்கள். 2016 ஜனவரியில் ஒபாமா அதை ‘வீட்டோ’ செய்து திருப்பி அனுப்பினார். அதை மீற இரண்டு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், கிடைக்கவில்லை.

2017இல் அதிபர் பதவியும் அவர்கள் கட்சிக்கே வந்தது. இனி என்ன தடை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மே மாதம் பிரதிநிதிகள் சபையில் 217க்கு 213 என்று நீக்கல் மசோதா தேறியது. செனட்டில் அவர்களுக்கு 52 பேர். இது பட்ஜெட் வழியில் வந்த மசோதா என்பதால் 60 பேர் தேவையில்லை, சாதாரணப் பெரும்பான்மை போதும். ஜூலை 28, நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி. மூளையில் புற்றுநோய்க் கட்டி என்று அப்போதுதான் தெரிந்திருந்த 80 வயது ஜான் மெக்கெய்ன் அவைக்குள் வந்து, எழுத்தர் மேசைக்கு முன்னால் கையை நீட்டி, கட்டை விரலைக் கீழே திருப்பினார். அவர் குடியரசுக் கட்சிக்காரர், 2008இல் அதே கட்சியின் அதிபர் வேட்பாளராக ஒபாமாவோடு மோதித் தோற்றவர். சூசன் காலின்ஸ், லிசா மர்கவ்ஸ்கி என்று அதே கட்சியின் இன்னும் இருவரும் எதிர்த்தார்கள். 49க்கு 51. மசோதா விழுந்தது.

அந்தக் காட்சியின் காணொளியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நம் ஊரில் கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் கட்சித் தாவல் தடைச் சட்டத்தில் பதவியே போகலாம். இங்கே கொறடா உண்டு, ஆனால் உறுப்பினரின் பதவியைப் பறிக்க அவரால் முடியாது. அதனால்தான் கட்சிப் பெயரை மட்டும் பார்த்து ஓட்டுப் போடாமல், நிற்கும் ஆள் யார் என்று பாருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

துணை அதிபரைப் பற்றி ஒரு வார்த்தை. செனட்டில் 50க்கு 50 என்று சமமானால் முடிவு செய்யும் ஓட்டு அவருடையது. திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்த ஷியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ், அந்த ஓட்டை 33 முறை போட்டார். எந்தத் துணை அதிபரும் அத்தனை முறை போட்டதில்லை.

மூன்றாம் படி: மாநிலமும் கவுண்டியும்

வாஷிங்டனுக்கு மூன்று கிளை இருப்பது போல ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஆளுநர், சட்டமன்றம், நீதிமன்றம் உண்டு. நெப்ராஸ்கா தவிர எல்லா மாநிலத்திலும் சட்டமன்றத்துக்கு இரண்டு அவைகள். ஓட்டுநர் உரிமம், பெரும்பாலான குற்றவியல் சட்டங்கள், பள்ளிப் பாடத்திட்டம், தேர்தல் விதிகள், தொகுதி எல்லைகள் எல்லாம் மாநிலத்தின் கையில். பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு தொகுதிகளை மறுபடி வரைவதும் பல மாநிலங்களில் சட்டமன்றம்தான். ஆளும் கட்சி தனக்குச் சாதகமாகக் கோட்டை வளைத்து வரையும் பழக்கத்துக்கு ‘ஜெரிமேண்டரிங்’ என்று பெயர். 1812இல் அப்படி ஒரு வரைபடத்தில் கையெழுத்திட்ட மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெரியின் பெயரில் வந்த சொல் அது. கட்சி நோக்கத்தோடு வரைவதைக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் விசாரிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019இல் சொல்லிவிட்டது. ஆக, அந்தக் கோட்டை வரையப்போகிறவர்கள் யார் என்பதை நீங்கள் தீர்மானிக்கும் இடம், மாநிலச் சட்டமன்றத் தேர்தல்.

கவுண்டி மட்டத்தில் நிற்பவர்களை எடைபோட, அந்தப் பதவி உங்கள் வீட்டில் எதைத் தொடுகிறது என்று கேளுங்கள். எங்கள் மாநிலத்தில் காருக்கும் ஆண்டுதோறும் சொத்து வரி உண்டு. அந்தக் காரின் மதிப்பைக் கணக்கிடுபவர் வருவாய் ஆணையர், பணத்தை வசூலிப்பவர் பொருளாளர். இரண்டு பேரையும் நாங்களே தேர்ந்தெடுக்கிறோம். ஒரு சிறுவன் கடையில் திருடிப் பிடிபட்டால் வழக்கை எவ்வளவு கடுமையாக நடத்துவது என்று முடிவு செய்பவர், தேர்தலில் வென்ற அரசு வழக்கறிஞர். பள்ளி எந்த நேரம் திறக்கும், எந்த வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்பது பள்ளி வாரியம். ஆனால் வர்ஜீனியாவில் அந்த வாரியத்துக்கு வரி போடும் அதிகாரம் கிடையாது. பணம் தருவது கவுண்டி வாரியம். பிள்ளையின் பள்ளி மேல் அக்கறை இருந்தால் சீட்டில் அந்த இரண்டு பதவிகளையும் பார்க்க வேண்டும்.

நான் காலியாக விட்டு வந்த மண், நீர்ப் பாதுகாப்பு இயக்குநரின் வேலை என்ன தெரியுமா? வயல்களிலிருந்தும் புல்வெளிகளிலிருந்தும் மண்ணும் உரமும் ஓடைகளில் கலக்காமல் தடுக்க விவசாயிகளுக்கு உதவும் திட்டங்களை நடத்துவது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் சிற்றோடையின் தண்ணீரும் கடைசியில் செசபீக் விரிகுடாவில்தான் போய்ச் சேர்கிறது.

நான்காம் படி: கட்சிகளும் பிரைமரியும்

அரசியல் சாசனத்தில் கட்சி என்ற சொல்லே கிடையாது. ஜார்ஜ் வாஷிங்டன் 1796இல் விடைபெறும்போது கட்சிச் சண்டை நாட்டைக் கெடுக்கும் என்று எச்சரித்துவிட்டுப் போனார். இருந்தும் கட்சிகள் வந்தன. ஆண்ட்ரூ ஜாக்சன் காலத்தில் உருவெடுத்தது ஜனநாயகக் கட்சி. அடிமை முறை பரவுவதை எதிர்த்து 1854இல் பிறந்தது குடியரசுக் கட்சி; லிங்கன் அதன் முதல் அதிபர். மற்ற கட்சிகளும் உண்டு. ஆனால் ஒரு தொகுதியில் அதிக ஓட்டு வாங்கியவர் ஒருவரே வெல்லும் முறையில் மூன்றாவது கட்சி தலையெடுப்பது கடினம். மெய்ன், அலாஸ்கா மாநிலங்களில் வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தி ஓட்டுப் போடும் முறை இருக்கிறது. மற்ற இடங்களிலும் அது வரவேண்டும் என்பது என் விருப்பம்.

நமக்கு முழுக்கப் புதிதாக இருப்பது பிரைமரி. நம் ஊரில் யாருக்கு சீட் என்று கட்சித் தலைமை முடிவு செய்யும். இங்கே சீட் கொடுப்பது வாக்காளர்கள். நவம்பர் தேர்தலுக்குப் பல மாதங்களுக்கு முன்பே ஒவ்வொரு கட்சிக்குள்ளும் ஒரு தேர்தல் நடந்து, அதில் வென்றவர்தான் வேட்பாளர். தலைமைக்குப் பிடிக்காத ஆள் வென்றாலும் அவர்தான்.

2014 ஜூனில் எங்கள் மாநிலத்தில் இது நடந்தது. எரிக் கேன்டர், பிரதிநிதிகள் சபையில் குடியரசுக் கட்சியின் இரண்டாம் நிலைத் தலைவர். அடுத்த சபாநாயகர் என்று பேசப்பட்டவர். டேவ் பிராட் என்ற கல்லூரிப் பொருளாதாரப் பேராசிரியரிடம் பிரைமரியில் தோற்றார். அந்த பிரைமரியில் ஓட்டுப் போட்டவர்கள் சுமார் 65,000 பேர்தான். நான்கு ஆண்டு கழித்து நியூயார்க்கில் அதேபோல, ஜனநாயகக் கட்சியின் மூத்த தலைவர் ஜோ க்ரௌலியை 28 வயது அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ கோர்டெஸ் தோற்கடித்தார். அங்கே பதிவான ஓட்டு சுமார் 30,000. ஒரு தொகுதியில் ஏழு லட்சம் பேர் அளவில் வசிக்கிறார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். ஒரே கட்சி எப்போதும் வெல்லும் தொகுதியில் இருக்கிறீர்கள் என்றால் உங்கள் உண்மையான தேர்தல் பிரைமரிதான். நவம்பர் வரை காத்திருந்தால் பெரும்பாலும் முடிந்த கதையில் கையெழுத்துப் போடுவதாகிவிடும்.

விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூயார்க், ஃப்ளோரிடா, பென்சில்வேனியா போன்ற இடங்களில் பதிவு செய்யும்போதே கட்சியைக் குறித்தால்தான் அந்தக் கட்சியின் பிரைமரியில் ஓட்டு. வர்ஜீனியாவில் கட்சிப் பதிவே கிடையாது. அன்றைக்கு ஏதாவது ஒரு கட்சியின் சீட்டைக் கேட்டு வாங்கலாம். கலிஃபோர்னியாவில் எல்லாக் கட்சியினரும் ஒரே சீட்டில் நின்று, அதிபர் பதவி தவிர்த்த பெரும்பாலான பதவிகளுக்கு முதல் இரண்டு பேர் நவம்பருக்குப் போகிறார்கள். கட்சியைக் குறிப்பதால் சந்தா எதுவும் இல்லை. நவம்பரில் அந்தக் கட்சிக்குத்தான் போட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

ஐந்தாம் படி: பதிவு செய்யுங்கள், ஆனால் குடியுரிமை கிடைத்த பிறகு மட்டும்

இந்தப் பகுதியை எச்1பி (வேலை விசா), எச்4 (அவர்கள் குடும்பத்தாருக்கான விசா), கிரீன் கார்டில் (நிரந்தரக் குடியிருப்பு அனுமதி) இருப்பவர்கள் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள்.

1993ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெரும்பாலான மாநிலங்களில் ஓட்டுநர் உரிமம் வாங்கும் இடத்திலேயே வாக்காளர் பதிவும் செய்துகொள்ளலாம். நல்ல வசதிதான். ஆபத்தும் அங்கேதான். என் நண்பரின் மனைவி எச்4 விசாவில் வந்து உரிமம் எடுக்கப் போயிருந்தார். கவுண்டரில் இருந்தவர் முகவரி, உயரம், கண் நிறம், உறுப்பு தானம் என்று மளமளவென்று கேட்டுக்கொண்டே போய், அதே வேகத்தில் வாக்காளராகப் பதிவு செய்யலாமா என்றும் கேட்டார். இவர் எல்லாவற்றுக்கும் ‘யெஸ்’ சொல்லிக்கொண்டு வந்தவர், இதற்கும் சொல்லிவிட்டார். கையெழுத்துப் போடும் முன் திரையைப் படித்தபோது, ‘நான் அமெரிக்கக் குடிமகன்’ என்ற வரிக்குப் பக்கத்தில் டிக் விழுந்திருந்தது. உடனே சொல்லி நீக்கச் செய்தார். கவனிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தால்? குடியுரிமை இருப்பதாகப் பொய்யாகச் சொல்வது நாடு கடத்தும் அளவுக்குப் போகும் குற்றம். பின்னாளில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது, எப்போதாவது வாக்காளராகப் பதிவு செய்தீர்களா என்று படிவத்திலேயே கேட்பார்கள். மேரிலாந்தின் டகோமா பார்க் போன்ற சில ஊர்களில் குடிமக்கள் அல்லாதவர்களும் உள்ளூர்த் தேர்தலில் ஓட்டுப் போடலாம் என்பது உண்மை. அங்கே இருந்தாலும் குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் பதிவு செய்யாதீர்கள்.

பணத்திலும் இப்படி ஒரு கோடு உண்டு. கிரீன் கார்டு வைத்திருப்பவர் வேட்பாளருக்கு நன்கொடை தரலாம், எச்1பியில் இருப்பவர் தரக்கூடாது. 2025–26 காலத்தில் கூட்டாட்சித் தேர்தல் வேட்பாளர் ஒருவருக்கு ஒருவர் தரக்கூடிய உச்சம் ஒரு தேர்தலுக்கு 3,500 டாலர். பிரைமரியும் நவம்பரும் தனித்தனிக் கணக்கு.

குடியுரிமை வாங்கியவர்கள் ‘வோட் டாட் கவ்’ என்ற அரசுத் தளத்தில் உங்கள் மாநிலத்தைத் தேர்ந்தெடுத்தால் அது சரியான இடத்துக்கு அழைத்துப் போகும். கடைசித் தேதி சில மாநிலங்களில் தேர்தலுக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பே முடிந்துவிடும். சிலவற்றில் தேர்தல் அன்றே பதியலாம். நார்த் டகோட்டாவில் வாக்காளர் பதிவு என்பதே இல்லை. வீடு மாறினால் முகவரியை மாற்ற மறக்காதீர்கள். பூத் ஸ்லிப் வீட்டுக்கு வந்து கொடுப்பார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ஆறாம் படி: அதிபர் தேர்தலின் கணக்கு

அதிபர் பெயருக்கு எதிரே இருக்கும் வட்டத்தை நிரப்பும்போது, நீங்கள் உண்மையில் தேர்ந்தெடுப்பது உங்கள் மாநிலத்தின் ‘எலெக்டர்’களை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் பிரதிநிதிகள் சபையில் எத்தனை இடமோ அதோடு செனட்டின் இரண்டையும் கூட்டினால் வரும் எண்ணிக்கை. வாஷிங்டன் டிசிக்கு 3. மொத்தம் 538, வெல்வதற்கு 270. மெய்ன், நெப்ராஸ்கா இரண்டைத் தவிர எல்லா மாநிலத்திலும் ஒரு ஓட்டு அதிகம் வாங்கியவருக்கு அந்த மாநிலத்தின் எலெக்டர்கள் மொத்தமும் போய்விடுவார்கள்.

செனட் இடங்களையும் சேர்ப்பதால் சிறிய மாநிலங்களுக்குக் கனம் கூடுகிறது. 2020 கணக்கெடுப்புப்படி வயோமிங்கில் சுமார் 1.92 லட்சம் பேருக்கு ஒரு எலெக்டர், கலிஃபோர்னியாவில் சுமார் 7.32 லட்சம் பேருக்கு ஒருவர். 2000இலும் 2016இலும் நாடு முழுவதும் அதிக ஓட்டு வாங்கியவர்கள் அல் கோரும் ஹிலாரி கிளிண்டனும். அதிபரானவர்கள் புஷ்ஷும் டிரம்ப்பும். 2000இல் ஃப்ளோரிடாவில் இருந்த வித்தியாசம் 537 ஓட்டு. எனக்கு இந்த முறை நியாயமாகத் தெரியவில்லை. ஆனால் மாற்ற வேண்டுமானால் சாசனத் திருத்தம் வேண்டும். அதற்கு இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கும், 38 மாநிலங்களின் ஒப்புதலும் தேவை. தங்களுக்குக் கனம் தரும் முறையைச் சிறிய மாநிலங்கள் தாமாக விட்டுக்கொடுக்குமா என்பதுதான் கேள்வி.

ஏழாம் படி: சீட்டை நிரப்புவது

நாடு தழுவிய தேர்தல் நவம்பர் முதல் திங்களுக்கு அடுத்த செவ்வாய். 1845ஆம் ஆண்டுச் சட்டம் வைத்த நாள். அன்று நாடு முழுவதும் விடுமுறை கிடையாது. அதனால் முன்கூட்டியே ஓட்டுப் போடும் வசதியையோ தபால் ஓட்டையோ பயன்படுத்துங்கள். வர்ஜீனியாவில் 45 நாள் முன்பே தொடங்கிவிடும். ஆரிகான், வாஷிங்டன், கொலராடோ மாநிலங்களில் எல்லோருக்கும் சீட்டு தபாலில் வீட்டுக்கே வரும்.

மாதிரி வாக்குச்சீட்டை கவுண்டி தளத்திலிருந்து இறக்கி, அச்செடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து குடும்பத்தோடு படியுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். 1920இல் தொடங்கிய பெண் வாக்காளர் சங்கம், ‘வோட்411’ தளத்தில் வேட்பாளர்களிடம் கேட்ட கேள்வி பதில்களைப் போட்டுவைக்கிறது. சீட்டின் கடைசியில் சட்டத் திருத்தம், கடன் பத்திரம் என்று ஆம், இல்லை கேள்விகள் வரும். அவற்றை முதலில் படியுங்கள். ‘இல்லை’ என்று போட்டால் எது நிற்கும், எது போகும் என்று இரண்டு முறை வாசித்தால்தான் சில நேரம் புரியும்.

அப்பா அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்கச் சிரமம் என்றால் தயங்க வேண்டாம். 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டத்தின் 208ஆம் பிரிவு, படிக்கவோ எழுதவோ முடியாதவர் தாம் விரும்பும் ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போகலாம் என்கிறது. வேலை தருபவரும் தொழிற்சங்க முகவரும் மட்டும் அந்தத் துணையாக இருக்கக் கூடாது. மகனோ மகளோ பக்கத்தில் நின்று தமிழில் படித்துச் சொல்லலாம். அதை மறுத்தால் சட்டத்தின் பெயரைச் சொல்லுங்கள். பட்டியலில் பெயர் இல்லை என்றாலும் திரும்பிவிடாதீர்கள். தற்காலிக வாக்குச்சீட்டு கேளுங்கள். கூட்டாட்சித் தேர்தலில் பெரும்பாலான மாநிலங்களில் அது 2002ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை.

இப்போது வட்டத்தை நிரப்புவது. இதை விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2017 நவம்பரில் வர்ஜீனியாவின் 94ஆம் தொகுதியில், ஷெல்லி சைமண்ட்ஸ், டேவிட் யான்சி என்ற இருவர் மாநிலப் பிரதிநிதி பதவிக்கு மோதினார்கள். மறு எண்ணிக்கையில் சைமண்ட்ஸ் ஒரே ஒரு ஓட்டில் வென்றார். மறுநாள், செல்லாது என்று ஒதுக்கியிருந்த ஒரு சீட்டு நீதிபதிகள் முன் வந்தது. அந்த வாக்காளர் இருவர் பெயருக்கும் எதிரே வட்டத்தை நிரப்பி, சைமண்ட்ஸ் வட்டத்தின் மேல் ஒரு கோடு கிழித்திருந்தார். அடித்துவிட்டாரா, அழுத்திக் குறித்தாரா? மூன்று நீதிபதிகளும் அது யான்சிக்கு என்று முடிவு செய்தார்கள். ஆளுக்கு 11,608 ஓட்டு, சமம். 2018 ஜனவரி 4 அன்று இரண்டு பெயரையும் காகிதத்தில் எழுதி, பழைய ஃபிலிம் ரோல் டப்பாக்களில் போட்டு, ஒரு பீங்கான் கிண்ணத்தில் வைத்துக் குலுக்கி எடுத்தார்கள். யான்சி பெயர் வந்தது. அதனால் 100 பேர் கொண்ட அந்த அவை 51க்கு 49 என்று குடியரசுக் கட்சியிடமே நின்றது.

ஆகவே, தவறாகக் குறித்துவிட்டால் அடித்துத் திருத்தாதீர்கள். அந்தச் சீட்டைத் திருப்பிக் கொடுத்து வேறு சீட்டு கேளுங்கள், தருவார்கள். தபால் ஓட்டு என்றால் உறையில் கையெழுத்து, தேவைப்பட்டால் சாட்சி, எல்லாம் ஒருமுறை சரிபாருங்கள்.

எட்டாம் படி: எண்ணிக்கை முதல் பதவியேற்பு வரை

அன்று இரவு தொலைக்காட்சி அறிவிப்பது கணிப்பு. அதிகாரபூர்வ முடிவை மாநிலங்கள் சரிபார்த்துச் சான்று தர வாரக்கணக்கில் ஆகும். டிசம்பரில் எலெக்டர்கள் தத்தம் மாநிலத்தில் கூடி ஓட்டுப் போடுவார்கள். ஜனவரி 3இல் புதிய நாடாளுமன்றம். ஜனவரி 6இல் இரு அவைகளும் கூடி எலெக்டர் ஓட்டுகளை எண்ணும். ஜனவரி 20 நண்பகலில் பதவியேற்பு. 2021இல் அந்த எண்ணிக்கையை நிறுத்த ஒரு கூட்டம் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்தது. அவை மறுபடி கூடி, விடியற்காலையில் எண்ணி முடித்தது. எண்ணிக்கைக்குத் தலைமை தாங்கும் துணை அதிபருக்கு முடிவை மாற்றும் அதிகாரம் இல்லை என்று 2022இல் சட்டத்தில் தெளிவாக எழுதினார்கள். 2025 ஜனவரி 6 அன்று அந்த நாற்காலியில் இருந்தவர் கமலா ஹாரிஸ். 312க்கு 226 என்ற தம் தோல்வியைத் தாமே நின்று வாசித்தார்.

ஒன்பதாம் படி: ஓட்டுக்கு அப்புறம்

பிரதிநிதிகள் சபைக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல். செனட்டுக்கு ஆறு ஆண்டு, ஆனால் மூன்றில் ஒரு பங்கு இடங்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும். வர்ஜீனியா, நியூ ஜெர்சி போன்ற மாநிலங்களில் மாநிலத் தேர்தல் ஒற்றைப்படை ஆண்டில். எங்களுக்கு ஒவ்வொரு நவம்பரும் ஏதோ ஒரு ஓட்டு உண்டு.

இடையில் உங்கள் பிரதிநிதியின் அலுவலகத்தைப் பயன்படுத்துங்கள். வாஷிங்டன் அலுவலகத்தை விட, தொகுதியில் இருக்கும் அலுவலகத்துக்குப் போன் செய்வது நல்லது. பாஸ்போர்ட் வராமல் பயணத் தேதி நெருங்குகிறதா, குடியேற்ற விண்ணப்பம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கிறதா, திரும்ப வரவேண்டிய வரிப் பணம் வரவில்லையா, அதைக் கேட்பதற்கென்றே அங்கே ஆள் இருக்கிறார். தளத்தில் ஒரு தனியுரிமை ஒப்புதல் படிவம் இருக்கும். அதில் ரசீது எண்ணை எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினால், உங்கள் சார்பில் அந்தத் துறையிடம் கேட்பார்கள். இதற்கு ஓட்டுரிமை வேண்டும் என்பதில்லை. எச்1பியில் இருந்தாலும் அந்தத் தொகுதியில் குடியிருக்கிறீர்கள், அது போதும். போன் செய்யும்போது உங்கள் முகவரியை, ஜிப் கோடோடு சேர்த்து, முதலில் சொல்லுங்கள். அதைத்தான் முதலில் கேட்பார்கள்.